சிலுவையில் அசைந்த கட்டைவிரல்

இன்று காலை அந்தோணி அண்ணன் வந்து உங்கள் தாடியைக் கேட்டார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். "இந்த வருஷம் பாஸ்கா நாடகத்துல என்னைய சேசுவா நிக்கச் சொல்லிட்டாங்கம்மா. புதுசா ஒண்ணு வாங்கலாம்னு பார்த்தேன். கமிட்டியிலதான் வீட்டுல இருக்கும், கேட்டுப் பாருன்னாங்க." வருஷாவருஷம் மேடையில் உங்களைச் சாட்டையால் அடித்த மனிதர், ஒரு பொய்த் தாடியைக் கேட்க அவ்வளவு திணறினார்.

பீரோவின் மேல்தட்டிலிருந்து கவரை எடுத்துப் பிரித்தேன். ஒட்டுப் பசையின் நெடியும், வேஷம் கலைக்க நீங்கள் முகத்தில் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. உங்கள் சட்டைகளில்கூட உங்கள் வாசனை போய்விட்டது. இந்தப் பாழாய்ப்போன தாடியில் மட்டும் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் கடைசியாகச் சேசுவாக நின்ற அந்த வருஷம், நம் ஜெனியைக் கூட்டிவர வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். "நாலு வயசுப் பிள்ளை. பயந்து போயிடுவா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." நான்தான் கேட்கவில்லை. தவக்காலத்தில் ஆண்டவர் பாடுபட்டதை நம் ஊரார் நடிப்பதைப் பார்க்க எட்டு ஊர்க்காரர்கள் வருகிறார்கள், நீங்கள் பெற்ற பிள்ளை பார்க்கக் கூடாதா என்று வாதாடினேன். பக்தி என்று சொல்லிக்கொண்டேன். பெருமைதான், வேறென்ன.

சம்பா அறுத்துவிட்டு உளுந்து தெளிக்காமல் விட்டிருந்த வயலில் மேடை போட்டிருந்தார்கள். அறுத்த தாள் குத்தும் என்று பாயை இரண்டாக மடித்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தோம். ஜெனி புது கவுன் போட்டிருந்தாள். மேடை, மைக், கலர் விளக்கு எல்லாமே அவளுக்கு அன்றுதான் முதல் தடவை. வானதூதர் வேஷம் போட்ட சம்மனசுகளின் அட்டைச் சிறகைப் பார்த்துக் கை தட்டினாள். நீங்கள் வந்ததும் "எங்கப்பா" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். பிறகு சாட்டை விழ ஆரம்பித்தது.

"எங்கப்பாவ அடிக்காதீங்க மாமா" என்று அவள் கத்தியதும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "நடிப்புடி, சும்மா" என்று நானும் சிரித்தேன். நடிப்பு என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லிக் கூட்டிப்போக வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சிலுவையில் உங்கள் தலை சாய்ந்ததும் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஜெனி மட்டும் அழவில்லை. விறைத்துப்போய், கண் கொட்டாமல், என் மடியிலேயே மூத்திரம் போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மேடையின் அடிக்கே ஓடினேன்.

உங்கள் கண் மூடித்தான் இருந்தது. எப்படித் தெரிந்துகொண்டீர்களோ, வலது கால் கட்டைவிரலை இரண்டு தடவை ஆட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நீங்கள் தூங்குவதுபோல் கிடப்பதும், அவள் வந்து கட்டைவிரலை இழுப்பதும், நீங்கள் அதை ஆட்டுவதும் உங்கள் இருவரின் விளையாட்டு. அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஊரே அழுதுகொண்டிருக்க, என் இடுப்பில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"செத்த ஆண்டவர் கால ஆட்டலாமாப்பா?" என்று பங்குச் சாமியார் உங்களைக் கோபித்துக்கொண்டார். "என் பிள்ளை பயந்துருச்சு சாமி" என்றீர்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்போது தோளில் இருந்தவளிடம், "அப்பா செத்துட்டேன்னு யாராச்சும் சொன்னா விரலைப் பாரு. ஆடுச்சுன்னா சும்மா" என்றீர்கள். பின்னால் நடந்து வந்த நானும் சிரித்தேன்.

அந்த வருஷமே ஜூன் மாதம், குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட மோட்டார் போடப் போனீர்கள். முதல் நாள் பெய்த மழையில் கொட்டகைத் தரை ஈரமாக இருந்தது. கரண்ட் அடித்துவிட்டது என்று ஆள் வந்து சொல்லி நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுத பெண்களிடம் ஜெனி ஒவ்வொருவராகப் போய், "அழாதீங்க, அப்பா சும்மா" என்று சொன்னாள். அவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதார்கள். பிறகு என்னிடம் வந்து, உங்கள் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைக் காட்டினாள்.

"அதை அவுத்து விடும்மா. கட்டி வச்சா அப்பா எப்படி ஆட்டுவாங்க?"

உங்கள் அக்கா பதறிப்போய், "அவுக்கக் கூடாது தாயி, அது முறையில்ல" என்றார். அவர் பேச்சை அன்றுவரை நான் தட்டியதில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி முடிச்சை அவிழ்த்தேன். ஜெனி விரலைப் பிடித்து இழுத்தாள். காத்திருந்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். "ஜில்லுனு இருக்கும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, அப்பா ஆட்டல" என்றாள்.

தூங்குகிறார், கடைசி நாளில் எழுந்திருப்பார் என்று சொல்லச் சொல்லி அங்கே எத்தனையோ பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பொய் வரவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பொய்தான், ஆண்டவர் மன்னிக்கட்டும். "ஆட்ட மாட்டாங்கடி. இது நிஜம்" என்றேன். வயலில் பாய் விரித்தபோதே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய வார்த்தையை அங்கே வைத்துச் சொன்னேன். விரல்களை மறுபடி கட்ட நான் விடவில்லை. அவிழ்த்தபடியேதான் உங்களைப் புதைத்தோம்.

சில நாள் உங்கள் மேல் கோபமாக வரும். ஏன் ஆட்டினீர்கள்? அன்று ஒரு சாயங்காலம் அழுதிருப்பாள், அதோடு போயிருக்கும். உடனே, கூட்டிப்போனது யார் என்ற கேள்வியும் வந்துவிடும். உங்களிடம் சண்டை போட்டால் நீங்கள் ஜெயிப்பதுதானே வழக்கம். இப்போதும் அப்படித்தான்.

நீங்கள் போன பிறகு இரண்டு வருஷம் ஊரில் பாஸ்கா போடவில்லை. இந்த வருஷம் போடுகிறார்கள். அந்தோணி அண்ணன் வாசலில் நின்றபோது ஜெனி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏழு வயசாகிவிட்டது. நாடகத்தன்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவள், என் கையிலிருந்த கவரை வாங்கிக்கொண்டு போய்த் தானே அவரிடம் கொடுத்தாள்.

"உங்க பாப்பா வருதா மாமா?"

"வருதும்மா. மூணு வயசாச்சு. இந்த வருஷம்தான் மொத தடவை."

"பாப்பா அழுதாலும் கால் விரலை மட்டும் ஆட்டாதீங்க மாமா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டே போனார்.

அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கண்ணயர்ந்தால் என் காலடியில் வந்து உட்கார்ந்து கட்டைவிரலை இழுப்பவள் அவள்தான். விளையாட்டுக்கு இல்லை. சிரிக்க மாட்டாள். ஒரு தடவை காய்ச்சலில் அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கையை எடுத்துக்கொண்டு, விறைத்துப்போய் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை இழுத்தாள் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் முழுதாகத் தூங்குவதில்லை. அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே, கை படும் முன்பே, விரலை ஆட்டிவிடுகிறேன்.