கிளி வில்லை

ஆனி 12, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. மாடியில் ஆளில்லை, பேசலாம்.

ஞாயிறு சுரண்டையில் தங்கச்சி சண்முகத்தாய் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். ஒன்பது வருடமாக அவளுக்கும் எனக்கும் பேச்சில்லை. பத்திரிகைகூட மகன் பேருக்குத்தான் வந்தது. மருமகள் செல்வி பழைய போட்டோ ஒட்டி ஸ்கிராப் புக் செய்கிறாள், சண்முகத்தாய்க்குக் கொடுக்க. கையில் வாங்கினாள் என்றால் போதும் எனக்கு.

பக்கத்துக்குப் பக்கம் ஒட்ட, கலர் களிமண்ணில் வில்லை. அது என் பொறுப்பு. உருட்டணும், தட்டணும், அச்சுக் குத்தணும். பதினாறு வில்லை, பழைய வேட்டியில், வடகம் மாதிரி. மூன்று நாளாச்சு. காயவில்லை. நகம் பட்டால் பள்ளம்.

வெள்ளி

வெயில் அரைமணி. பிறகு சாரல். தூக்கு, உள்ளே வை, மறுபடி பரப்பு. முதுகு போச்சு. வில்லை அப்படியே மெழுகு.

செல்வி வாங்கிய அச்சும் பிடிக்கவில்லை. பட்டாம்பூச்சி, இதயம், எந்த ஊர்க் கோபுரமோ ஒன்று. சண்முகத்தாய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எரிச்சலில் ஒன்றைப் பிசைந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து அம்மாவின் வெள்ளிக் குங்குமச்சிமிழை எடுத்து, மூடியை அமுக்கினேன். கிளி. மழுங்கின மூக்கு வரை விழுந்தது.

சண்டையே இந்தச் சிமிழால்தான். "இது சம்முகத்துக்கு" என்று அம்மா சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அம்மா இறந்த பதினாறாம் நாள் அவள் கேட்டதும், "அருவியில குளிக்கையில விழுந்துட்டு" என்றேன். அம்மாவுடையது என்று ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்ற ஆசை. "அம்மா காரியத்தன்னைக்கே பொய் சொல்லுதியே அண்ணே" என்றாள். ஊதாச் சேலை, தலைப்பில் மஞ்சள் கறை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கத்தான் முகம் இல்லை.

கிளியைக் கட்டைவிரலால் தேய்த்தால் போய்விடும். நாளைக்குப் பார்க்கலாம்.

சனி

செல்வி மாடிக்கு வந்தாள்.

"மாமா, இது வெயில்ல காயாது. சூட்டுல வேகணும். டப்பாவுலயே போட்டிருக்கே."

"போட்டிருந்தா எனக்கு எப்படிட்டி தெரியும்? வடகத்துக்குக் காவல் இருந்த மாதிரில்லா இருக்கேன்!"

"ஒரு காக்கா வரலயே. அப்பவே யோசிச்சிருக்கலாம்." சிரிப்பு வேறு.

இட்லிக் கொப்பரையில் இரண்டு வைத்தேன். வியர்த்ததுதான் மிச்சம். தோசைக்கல்லில் இரண்டு. கருகி வீடு பூரா நாற்றம்.

பிறகு மேலகரம் பேக்கரி. பழைய சிநேகிதர். பன் இறக்கின பிறகு, மிச்சச் சூட்டில் வைக்க ஒத்துக்கொண்டார்.

"என்ன வே, பிஸ்கோத்தா?"

"வாயில போட்டுராதீரும். கிளி."

"வாசம் தாங்கல வே. நாளைக்கு எம் பன்னு தின்னவன் எவனாவது கீ கீன்னா, உம்ம வீட்டுக்குத்தான் அனுப்புவேன்."

ஆறினதும் கல். நகம் இறங்கவில்லை. கிளியை அழிக்க மறந்தது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து, எடுத்து மடியில் ஒளிப்பதற்குள் செல்வி கை முந்திவிட்டது. முதல் பக்கம், அம்மா போட்டோவுக்குக் கீழே ஒட்டிவிட்டாள். "இருக்கதுலயே இதுதான் லட்சணம் மாமா." வேண்டாம் என்றால் ஏன் என்பாள்.

ஞாயிறு

சுரண்டை. சாரல் இல்லை, புழுக்கம். மாலை மாற்றி முடிந்தது. செல்வி புத்தகத்தை நீட்டினாள். சண்முகத்தாய் வாங்கினாள். முதல் பக்கம். அம்மா முகத்தைப் பார்த்தாள், கீழே பார்த்தாள். விரலை வைத்துத் தடவினாள். மூக்குக்கிட்ட வந்ததும் விரல் நின்றது.

தூணுக்குப் பின்னால் நின்ற என்னைத் தேடிப் பிடித்தாள்.

"என்ன அண்ணே, அருவியில இருந்து நீந்தியே வந்துட்டோ?"

செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்க அது?"

"வீட்டுல."

"போய் எடுத்துட்டு வா. வந்துதான் உனக்குச் சோறு. நானும் திங்காமத்தான் இருப்பேன்."

பந்தியில் அப்போதுதான் இலை போட்டார்கள்.

இப்போது தென்காசி பஸ்ஸில். நிற்க இடமில்லாத கூட்டம். அங்கேயிருந்து எங்கள் ஊர் இலஞ்சிக்கு இன்னொரு பஸ். திரும்ப இதேபோல் இரண்டு. இந்த டிரைவர் ஒவ்வொரு மரத்தடிக்கும் நிறுத்துகிறான். அவள் மாத்திரை போடுகிறவள், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பாள்.