அம்மாவுக்கு எடுத்து வைத்த பங்கு

அப்பா,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் இருந்தபோதே உங்களிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவள், இப்போது மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் உங்கள் பட்டறைக்குள். ஒரு நூல்கண்டு தேவைப்பட்டது. எதற்கென்று பிறகு சொல்கிறேன். ஷட்டரைத் தூக்கியதும் கூலண்ட் எண்ணெயும் இரும்புச் சுருளும் கலந்த அந்த வாசம் முகத்தில் வந்து மோதியது. லேத் ஓடி மாதக்கணக்கில் ஆகிறது. வாசம் மட்டும் தினமும் வேலைக்கு வந்துபோகிறது போலிருக்கிறது. நூல்கண்டு நீங்கள் மாட்டிய ஜன்னல் கம்பியிலேயே தொங்கியது. எடுத்தால் விரலெல்லாம் எண்ணெய்.

நீங்கள் போன பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டோம். விசாரிக்க கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்தார். வாரிசு யார் யார் என்று கேட்டார். அம்மா மோர் டம்ளரை நீட்டிக்கொண்டே, "பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணுங்க" என்றாள்.

"அப்பறமுங்க?"

"அவ்வளவுதானுங்க. எங்க மாமியார் முன்னமே போயிட்டாங்க."

"ஏனுங்கம்மா, உங்களக் காணமே?"

"நானுங்களா? நான் அவரு ஊட்டுக்காரிங்க. வாரிசுன்னா பெத்த புள்ளைங்கதானுங்களே?"

அவர் சிரித்துவிட்டார். "நல்லாச் சொன்னீங்க போங்க. மொதப் பேரே உங்களுதுதானுங்க" என்று எழுதிக்கொண்டார். அம்மா சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "என்ற பேர எதுக்கு கண்ணு போடறாரு? அப்பா கோவிச்சுக்க மாட்டாரா?"

மறுநாள் பீளமேட்டு ஆபீஸில், சாப்பாட்டு நேரத்தில் சட்டத்தைத் தேடிப் படித்தேன். உயில் எழுதாமல் ஒருவர் போய்விட்டால், அவர் சம்பாதித்ததில் நம்மைப் போன்ற குடும்பத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதில்லை. நீங்கள் கண்ணை மூடிய அந்த நேரத்திலேயே அம்மாவின் பங்கு அம்மாவுக்கு வந்துவிட்டது. அவளுக்குத்தான் அது தெரியவில்லை.

தம்பி இந்தப் பட்டறையில் சி.என்.சி. மிஷின் போடப் பார்க்கிறான். இடத்தின் மேல் கடன் வாங்க பேங்கில் மூன்று பேர் கையெழுத்தும் கேட்கிறார்கள். உங்கள் அண்ணன் சுலபமாக ஒரு வழி சொன்னார். அம்மா தன் பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடட்டுமாம். "பையன் பேர்ல இருந்தா என்ன, ஆத்தா பேர்ல இருந்தா என்ன? எல்லாம் ஒரே ஊடுதான?"

நான் கதவோரம் நின்றுகொண்டு, "அம்மா பேரும் இருக்கட்டுங்க பெரியப்பா. கடனுக்கு மூணு பேருமே கையெழுத்துப் போடறோமுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"பாத்தீங்களா, புள்ளையக் காலேசுக்கு அனுப்புனா ஊட்டுக்குள்ளயே வக்கீல் வந்து நிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. "அக்கா, நான் என்ன அம்மாவ வெளிய தள்ளிப்போடுவேனா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

தள்ள மாட்டான், அப்பா. எனக்குத் தெரியும். ஆனால் காரமடையில் அம்மாவின் அக்காவையும் யாரும் வெளியே தள்ளவில்லை. புருஷன் போனதும் வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். நாம் பார்க்கப் போன அன்றைக்கு, நமக்குக் காபி போட எழுந்தார். சர்க்கரை டப்பாவைத் தொடும் முன் மருமகளைப் பார்த்து, "எடுத்துக்கட்டுமா அம்மணி?" என்றார். அந்தப் பெண்ணும் நல்லவள்தான். "எடுத்துக்கங்க அத்தை" என்றுதான் சொன்னாள். காந்திபுரம் வரும் பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். "சொந்த ஊட்டுல சக்கரைக்குக் கேக்கறாங்க, பாத்தியா கண்ணு" என்றீர்கள். அதோடு சரி.

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. கறி ஆக்கினால் அம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் வெறும் குழம்போடு உட்காருவாள். அதனால் நீங்கள் சாப்பிட வட்டல் முன் உட்காரும் முன்பே சின்னப் போசி ஒன்றில் நல்ல துண்டுகளாக எடுத்து, மூடி, அலமாரி மேல் வைத்துவிடுவீர்கள். அம்மா ஒவ்வொரு வாரமும் "எனக்கு எதுக்குங்க?" என்று சண்டை பிடிப்பாள். நீங்கள் என்னிடம் சொல்வீர்கள்: "அவ கேக்க மாட்டா கண்ணு. கேக்காதவளுக்கு மொதல்ல எடுத்து வெச்சறோணும்." நீங்கள் விட்டுப்போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறது சட்டம். நான் கையோடு எடுத்துக்கொண்டது இந்த வார்த்தையைத்தான்.

அம்மா இன்னும் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் அவள் எதையும் முடிவு பண்ணியதில்லை அல்லவா? அதனால் இந்த வெள்ளிக்கிழமை குலதெய்வத்திடம் பூக் கேட்கப் போகிறாள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மா பேர் இருக்கும். சிவப்பு வந்தால் பத்திரத்தில் கையெழுத்து. "சாமி சொன்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்" என்று பெரியப்பாவும் ஒத்துக்கொண்டார்.

"உன்னுதுக்கு எதுக்கும்மா சாமியக் கேக்கோணும்?" என்றேன்.

"கேட்டுப்போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும் கண்ணு. பூப் பொட்டலம் நீயே கட்டிரு."

இந்த நூல்கண்டு அதற்குத்தான். மடியில் இரண்டு துண்டுத் தாளை விரித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் சரியென்று வாயால் சொன்னதே இல்லை. காலேஜில் சேரட்டுமா என்று நான் கேட்டபோது பேசாமல் இருந்தீர்கள். மறுநாள் காலையில் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினீர்கள். வேண்டாமென்றால் மட்டும் தொண்டையைச் செருமுவீர்கள்.

அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளியே வைத்துக் கட்டிவிடட்டுங்களா, அப்பா? சாமியை ஏமாற்ற இல்லை. நீங்கள் போசியில் எடுத்து வைத்தது போல, அம்மாவுக்கு முதலில் எடுத்து வைக்கத்தான். இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கிறேன். வேண்டாமென்றால் ஒருமுறை செருமிவிடுங்கள். நூலை இன்னும் அறுக்கவில்லை.