அப்பாவின் படப்பெட்டியை நான் வெட்டிப்போட்டது

என் மகள் வான்சென்னுக்கு அம்மா எழுதுவது. நீயும் என் தங்கக்கட்டிப் பேத்தி லேலேயும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கதவைத் தாழ்போட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதினால் அது பொய். அப்பாவுக்கு இடதுபக்கம் மூன்று விலா எலும்பு உடைந்திருக்கிறது, எனக்கு மேலுதட்டில் தையல், முன்பல் ஒன்று போய்விட்டது. பதறாதே, உட்கார்ந்து நிதானமாகப் படி. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், இருமும்போதுதான் உயிர் போகிறது என்கிறார், நான் கஞ்சியை ஒரு பக்கமாகச் சரித்துச் சரித்துக் குடித்துக்கொண்டு கடைக்கும் போய்வருகிறேன், பன்றியை நமக்காக யாரும் வெட்டித் தர மாட்டார்கள் அல்லவா. போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போகப் போகப் புரியும். உறையில் உன் பெயர் இல்லை, உன் முதலாளியம்மா பெயர்தான். நீ இருக்கும் ஊரின் பெயரையும் இந்தத் தாளில் ஓரிடத்திலும் எழுத மாட்டேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நம் வீட்டுப் படப்பெட்டி உனக்கு நினைவிருக்கும். டிவிக்குப் பக்கத்தில், செருப்புப் பெட்டி அளவில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்குமே, அதுதான். புயல் வெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கி ஆல்பமெல்லாம் ஊறிப்போன வருஷம் சுன்லியாங் வாங்கிவந்து வைத்தான். அப்போது அவன் நல்ல மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை வாய்த்தானே என்று அப்பா யுவான்லின் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு படமாக நகல் எடுத்து உள்ளே ஏற்றிவிட்டு, "இனிமே எதுக்குப்பா இந்தப் பூஞ்சக்காளான் புடிச்ச காகிதம், கொளுத்திப் போடுங்க" என்றான், அப்பாவும் கொளுத்திப் போட்டார். நம் எல்லோர் போனையும், அப்பாவின் டேப்பையும், அத்தையின் போனையும் அதோடு கோத்துவிட்டதும் அவன்தான். யார் எங்கே எடுத்தாலும் படம் தானாகப் பெட்டிக்குள் போய்விடும், எல்லோர் கையிலும் தெரியும். அப்பாவுக்கு ஒரே பெருமை. "அஞ்சு இடத்துல பத்திரமா இருக்கு, ஒண்ணு போனாலும் நாலு இருக்கும்டி" என்பார். இருந்தது ஒன்றே ஒன்றுதான், மற்ற நான்கிலும் தெரிந்தது அதன் நிழல், பெட்டியில் அழித்தால் எல்லாவற்றிலும் அழிந்துபோகும் என்பது அந்த மனிதருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. பெட்டியைத் திறக்கும் தலைமைப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று, நீ அவனிடமிருந்து தப்பி ஓடிய பிறகும் ஒருவரும் யோசிக்கவில்லை.

போன வாரம் வக்கீலம்மா கூப்பிட்டார். லேலே யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது, நீ உன் காயங்களை எடுத்து வைத்திருந்தாயே, அந்தப் படங்களை உடனே அனுப்புங்கள் என்றார். அப்பா பெட்டியைத் திறந்தார். உன் கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்த படம் இல்லை. முதுகில் பெல்ட் தடம் இல்லை. தொடையில் சிகரெட் வைத்த இடம் இல்லை. உன் தலையை மோதிய சுவரில் ரத்தம் வழிந்திருந்ததே, அதுவும் இல்லை. என் போனில் பார்த்தோம், டேப்பில் பார்த்தோம், அத்தையை எழுப்பி அவள் போனிலும் பார்த்தோம், எங்கும் இல்லை. ஆனால் உன் கல்யாணப் படங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. லேலேயின் முதல் மாத விருந்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அதுவும் பத்திரமாக இருந்தது. பாவி, உட்கார்ந்து பொறுக்கிப் பொறுக்கி அழித்திருக்கிறான். வக்கீலம்மாவிடம் சொன்னதும், "அம்மா, மொதல்ல அந்த ஒயரைப் புடுங்குங்க, அவன் வெளியிலேர்ந்தே உள்ள நடமாடிட்டு இருக்கான்" என்று கத்தினார். நான் இழுத்த இழுப்பில் சுவரிலிருந்த பிளக்கே பெயர்ந்து வந்துவிட்டது.

அப்போதுதான் அப்பாவின் முகம் வெளுத்தது. என்னய்யா என்று தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னார். முந்தின இரவு, நிலாப் பண்டிகையன்று, தெருவில் எல்லோரும் அடுப்பு மூட்டிக் கறி சுட்டுக்கொண்டிருக்க, இவர் உள்ளே போய், நீ கணவாய்க் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் ஒளித்து அனுப்பிய மெமரி கார்டைப் பெட்டியில் செருகியிருக்கிறார். லேலே படகுத்துறையில் நிற்பது, ஊர்ப் பலகைக்குக் கீழே நிற்பது, பள்ளிக்கூட வாசலில் நிற்பது, எல்லாம் உள்ளே போய்விட்டது. "புள்ளய டிவியில பெருசாப் பாக்கணும்னு இருந்துச்சு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அழுதார். திட்ட வாய் வரவில்லை எனக்கு. ஆனால் உன் அத்தையைச் சும்மா விடவில்லை. தினமும் விடியும்போது பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பி உறவுக்கூட்டம் முழுவதையும் எழுப்புவாளே, பண்டிகைக்கு மறுநாள் காலையில் தாமரைப் பூவுக்குக் கீழே, எங்கள் பேத்திக்குப் பல் விழுந்துவிட்டது, புதுப் படங்கள் பெட்டிக்கு வந்துவிட்டன, இந்த நாள் இனிய நாள் என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். அந்தக் குழுவில் சுன்லியாங்கின் பெரியம்மா மகளும் இருக்கிறாள். சேதி அவன் காதுக்குப் போய், அவன் எட்டிப்பார்ப்பதற்குள் நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன் போலிருக்கிறது. முன்பே பார்த்திருந்தால் அவன் இங்கே வந்திருக்க மாட்டான், உன் வாசலில் அல்லவா நின்றிருப்பான்.

மறுநாள் மதியம் வந்தான். நான் வீட்டை ஒட்டிய கடையில் வெட்டுக்கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்க வாசல் வழியாக ஒரு கூடை பம்பளிமாஸோடு வீட்டுக்குள் நுழைந்து, "பண்டிகைக்கு வர முடியலப்பா" என்றானாம். பிறகு நேராகப் பெட்டியிடம் போய், "ரிப்பேர் போல, எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தரேன்" என்றிருக்கிறான். அப்பா பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டார். அவன் உதைத்திருக்கிறான். விலா முறியும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் நானே முறிப்பதுதானே, அந்தச் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து கேட்டதும் கையிலிருந்த எலும்பு வெட்டும் கத்தியோடு ஓடினேன். உன் அப்பா வாயில் ரத்த நுரையோடு பெட்டியை விடாமல் கிடக்கிறார், அவன் ஷூக்காலால் மிதித்துக்கொண்டே இருக்கிறான். பின்னாலிருந்து அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். திரும்பாமலே முழங்கையால் ஒரு இடி, பல் தொண்டைக்குள் போனது. வயிற்றில் உதைத்தான், சாமி மேசைமேல் போய் விழுந்தேன், ஊதுபத்திக் கிண்ணம் தலையில் கவிழ்ந்தது, கண்ணெல்லாம் சாம்பல். எழுந்து பார்த்தால் பெட்டி அவன் கையில். நான் வாசலை மறித்து நின்றேன். "வழிய விடு கெழவி, எம் பொண்டாட்டி எங்க இருக்கான்னு இதுக்குள்ள இருக்கு. இன்னைக்கே போயி அவ கழுத்த நெரிச்சுட்டுத்தான் மறுவேல" என்றான். கத்தியை ஓங்கினேன். அவன் பெட்டியைக் கேடயமாக நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான். மேலே கழுத்து திறந்து கிடந்தது, வான்சென். எங்கே போட்டால் ஒரே வெட்டில் பிரியும் என்று உன் அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் கழுத்தா பெட்டியா என்று ஒரு மூச்சு நேரம் நின்றேன். அவனைப் போட்டுவிட்டு நான் ஜெயிலுக்குப் போனால் கொலைகாரியின் மகளிடம் பிள்ளையைக் கொடுப்பார்களா. பெட்டிமேல் போட்டேன்.

முதல் வெட்டிலேயே மூடி பிளந்து பெட்டி கீழே விழுந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து வெட்டினேன், திருப்பிப் போட்டு வெட்டினேன். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு இருந்தது, அதைக் கொத்திக் கொத்தித் தூளாக்கினேன், கத்தியின் வாய் மடங்கிப்போனது. "பைத்தியக்காரி, பைத்தியக்காரி" என்று கத்திக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பிடுங்கப் பார்த்தான். கை குறுக்கே வந்தது என்று நான் நிறுத்தவில்லை. இரண்டு விரலில் எலும்பு தெரிந்தது, அவன் அலறியபோது எனக்கு நிறைவாக இருந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். அதற்குள் வாத்துக்கறிக் கடை ஆ-மெய் கொதிக்கிற சாறோடு அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவன் முழங்காலில் ஊற்றினாள். போலீஸ் வரும்வரை சந்தைக்காரர்கள் அவனை மீன்கூடைகளுக்கு நடுவில் அமுக்கி வைத்திருந்தார்கள், யார் எத்தனை அடி போட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. வக்கீலம்மா மட்டும், விரல் விஷயத்தை இன்னொரு முறை யாரிடமும் பெருமையாகச் சொல்லாதீர்கள் என்று கண்டித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் உன் அப்பா விலாவுக்காக அழவில்லை. பிறந்த மாதமே போய்விட்ட உன் தம்பிக்கு இருந்தது ஒரே படம். என் மடியில் மஞ்சள் துணிக்குள் முகம் மட்டும் தெரியுமே, அதுவும் அந்தத் தட்டுக்குள்தான் இருந்தது. ஓங்கும்போது எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் வெட்டினேன். போன பிள்ளையைவிட இருக்கிற பிள்ளை முக்கியம் என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் தலையாட்டினார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் கடையில் பன்றிக்காலைச் சவரம் செய்யும்போது திடீர் திடீரென்று அந்தக் குழந்தையின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், இப்போதே மூக்கு சரியாக நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. இதைச் சொன்னால் நீ அழுவாய் என்று தெரியும், ஆனாலும் வேறு யாரிடம் சொல்வேன்.

படமும் இல்லை, பெட்டியும் இல்லை, வழக்கில் எதைக் காட்டுவது என்று இருந்தபோதுதான் சாமி மேசையின் இழுப்பறை நினைவுக்கு வந்தது. நீ ஓடிவந்த அன்றைக்கு, அவன் சுவரில் அடித்து நொறுக்கிய உன் பழைய போனைக் குப்பையில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். நான் போடவில்லை. ஊதுபத்திக் கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, விளக்கேற்றும்போதெல்லாம் அதைப் பார்த்து அவனைச் சபிப்பேன். காயப் படங்களை எல்லாம் எடுத்தது அந்தப் போன்தானே. செத்துக் கிடந்த போனுக்கு, அழி என்று அவன் போட்ட உத்தரவு போய்ச் சேர்ந்திருக்காது அல்லவா. சந்தைக் கோடியில் போன் ரிப்பேர் செய்யும் ஆ-ஷெங்கிடம் கொண்டுபோனேன். திரையும் பேட்டரியும் மாற்றிவிட்டு வழக்கம்போல உயிர்ப்பித்துப் பார்க்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். "இது காத்துல ஒரு சேதி வாங்குச்சுன்னா எம் பொண்ணு வாழ்க்கையே அழிஞ்சுரும்டா" என்றேன். "அப்ப எங்கதான் வச்சுத் தொறக்கறது, யுவான்லின்ல எங்க போனாலும் சிக்னல் இருக்கேக்கா" என்று சிரித்தான். எனக்குத் தெரியும் ஓர் இடம். என் குளிர்அறைக்குள் ஒருநாளும் போன் பேச முடிந்ததில்லை, நீ சின்ன வயதில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போவாயே. தொங்குகிற பன்றிகளுக்கு நடுவில் அவனை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். பல் கிட்டிக்கும் குளிரில் அந்தப் போன் கண்ணைத் திறந்தது.

எல்லாம் இருந்தது வான்சென். கழுத்து, முதுகு, தொடை, சுவர், ஒன்றும் குறையவில்லை. அவன் கையால் உடைத்ததால் அவன் கைக்கே எட்டாமல் போயிருந்தது. கடைசியாக ஒரு படம் இருந்தது, அதை நீயே பார்த்திருக்க மாட்டாய். போனைப் பிடுங்க அவன் பாய்ந்தபோது உன் விரல் எதிலோ பட்டிருக்க வேண்டும். ஓங்கிய கை, மோதிரம் போட்ட விரல், திறந்த வாய், முகம் அப்பட்டமாகத் தெரிகிறது. அவனுக்குப் பின்னால் கதவோரத்தில், முயல் போட்ட சட்டையோடு லேலே நிற்கிறாள், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. ஆ-ஷெங் அதைப் பார்த்த பிறகு என்னிடம் கூலி வாங்கவில்லை. வக்கீலம்மா வெகுநேரம் பார்த்தார். மாடிப்படியில் விழுந்தாள் என்று இனி அவன் சொல்லட்டும், பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று சொல்லட்டும், நான் இதை நீதிபதி மேசையில் வைக்கிறேன் என்றார். ஒன்றோடொன்று கோக்காமல் தனித்தனிக் கார்டில் எடுத்து அவரிடம் ஒன்று, ஆ-மெய்யிடம் ஒன்று, என்னிடம் ஒன்று வைத்திருக்கிறோம், காகிதத்திலும் போட்டாயிற்று.

அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான், கையில் கட்டோடு ஊருக்குள் திரிகிறானாம், அதனால் விழிப்பாக இரு. விசாரணைக்கு வரும்போது பெரிய வாசலில் இறங்காதே, வக்கீலம்மா பக்கத்து வாசலில் நிற்பார். படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்குமாம், உன் போனில் அதை நிறுத்திவிடு. அத்தையைக் குழுவிலிருந்து விலக்கிவிட்டார்கள், அழுதுகொண்டு தினமும் எனக்கு மட்டும் பூப்படம் அனுப்புகிறாள், நான் திறப்பதில்லை. லேலேயைக் குளிரில் வெறுங்காலோடு விடாதே, விழுந்த பல்லைக் கீழ்ப்பல்லாக இருந்தால் கூரைமேல் எறியச் சொல். கடல் காக்கும் தெய்வம் மாட்சு அன்னை உங்கள் வாசலில் காவல் நிற்பாள், நீண்ட ஆயுளோடும் கலங்காத மனதோடும் இருங்கள்.

இன்னொன்று. அப்பாவுக்கு லேலேயின் படம் ஒன்று வேண்டுமாம், இதை எழுதும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு நூறு தரம் சொல்லிவிட்டார். காகிதத்தில் போட்டு அனுப்பு. கடல் வேண்டாம், படகு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். பிள்ளை சிரிக்கட்டும், பின்னால் வெறும் சுவராக இருக்கட்டும்.

உன் அம்மா,
பி-யூ