விடங்கன் கல்லின் கடைசி இரு வரிகள் குறித்து விடுத்த ஓலை

வளம் பொலிக! வெண்குன்ற நாட்டை அறம் வழுவாது ஆளும் கோமான் திருவளர்மாறர் ஆணைப்படி, அவர்தம் தலைமை அமைச்சர் கீரஞ்சாத்தனார், பாறைக்கடவுக் கோட்டையையும் கணவாயையும் காத்து நிற்கும் தலைவர் விண்ணன் மழவராயருக்கு விடுக்கும் ஓலை. உம் மதில் நிலைக்க, உம் வீரர் நலம் பெறுக, உம் மனையில் மங்கலம் தங்குக. இதை நீர் தனித்திருந்து படிக்க வேண்டும். ஓலை வாசிப்போனைக்கூட அருகில் வைக்க வேண்டா.

சென்ற திங்கள் உம் கோட்டையில் புண்பட்டு இறந்த விடங்கனை நீர் அறிவீர். இருபத்தெட்டு ஆண்டு வேல் பிடித்தவன். பத்தாண்டுக்கு முன் அக்கணவாயில் கருங்காட்டுத் தலைவன் வெட்சியனின் தம்பியை வீழ்த்தி நாட்டைக் காத்தவன். விடங்கன் குடியில் ஒரு குழந்தையையும் விட்டுவைப்பதில்லை என்று வெட்சியன் அன்றே சூளுரைத்தான். அது முதல் விடங்கன் தனக்கு மனைவி மக்கள் எவருமில்லை என்று கோட்டையே நம்பும்படி வாழ்ந்தான். அறுவடை விடுப்பில் மட்டும், போன வழியே திரும்பாமல், மூன்று நாள் நடந்து வீட்டுக்குப் போவான். அவன் தோள்பையில் வெல்லக்கட்டி இருக்கக் கண்டு யாருக்கென்று தோழர் கேட்க, குதிரைக்கு என்றானாம். காலாளுக்குக் குதிரை ஏதடா என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்த வெல்லத்தைத் தின்று மூன்று பிள்ளைகள் வளர்ந்தன.

சாகும் தறுவாயில் அவன் அவர்கள் பெயரைக் கோட்டை மருத்துவரிடம் சொன்னான். மருத்துவர் இவ்வோலை விடுக்கும் அமைச்சரிடம் சொன்னார். அமைச்சர் கல்லுக்குச் சொல்லிவிட்டார். அடடா, இவனுக்கும் ஒரு குடும்பம் இருந்ததா என்று நெஞ்சுருகி, வீரக்கல்லின் வாசகத்தில் கடைசி இரு வரிகளாக மனைவி பெயரையும் மூன்று மக்கள் பெயரையும் ஊரையும் தம் கையாலேயே சேர்த்து உமக்கு அனுப்பினார். நரைத்த தலைக்குள் ஒரு துளி புத்தி இருந்திருந்தால் இதைச் செய்திருப்பாரா?

நேற்று முற்பகல் விடங்கன் மனைவி அமைச்சர் மாளிகைக்கு வந்தாள். பெயரை இங்கே எழுத அமைச்சருக்குத் துணிவில்லை. கல்லின் வாசகத்தை அரசர் அனுப்பிய ஆள் பெருமையாகச் சொல்லக் கேட்ட மாத்திரத்தில் ஓடி வந்தவள். நன்றி சொல்ல வந்தாள் என்றெண்ணி அமைச்சர் இருக்கை இடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவள் சொல்லை மாற்றாமல் எழுதுவதே முறை: “சாமி, பத்து வருசமா அவரு ஒளிச்சு வெச்ச புள்ளைங்கள, நீங்க எழுதி வெச்சுக் காட்டிக் குடுத்துட்டீங்களே!”

அப்போதுதான் அமைச்சருக்கு உறைத்தது. வரும் முழுநிலா நாளில் உடன்படிக்கை விருந்துக்கு வெட்சியன் நூறு குதிரைவீரரோடு அக்கணவாய் வழியே வருகிறான். வீரக்கல்லைக் கடப்போர் நின்று, பொறித்ததை உரக்கப் படித்துப் பூவிட்டுச் செல்வது இரு நாட்டுக்கும் பொது வழக்கம். உடன்படிக்கை நாட்டுக்கு, சூளுரை அவன் தம்பிக்கு. பிள்ளைகளை வேறூருக்கு அனுப்பலாமென்றால், பெயர் தெரிந்தபின் எந்த ஊர் காக்கும்? முழுநிலாவுக்கு இன்னும் நான்கு நாள். இவ்வோலை உம்மிடம் சேர மூன்று நாள். 

ஆகவே கோமான் ஆணை: ஓலை கண்டதும் நீரே உளியெடுத்துக் கடைசி இரு வரிகளையும் கொத்தி நீக்குக. அப்பெயர்களைப் பொறித்த கல்தச்சனைக் கோட்டைக்குள்ளேயே வைத்து நன்கு உபசரிக்க. விருந்து முடியும்வரை வெளியே விட வேண்டா. வெற்றிடம் கண்டால் வெட்சியன் ஐயுறுவான். அங்கே எதைப் பொறிப்பது என்று அமைச்சர் கலங்கி நிற்க, அதையும் அவளே அழுதுகொண்டே சொன்னாள். குதிரைமேல் இருப்பவனுக்கும் தெரியும்படி பெரிதாகப் பொறிக்க:

மனைவி இல்லை. மக்கள் இல்லை. இவனுக்கென்று அழ எவரும் இல்லை.

ஓர் எழுத்தும் குறைய வேண்டா. இது கோமான் கேட்டு ஒப்பி, தம் கைமுத்திரை இட்டது. படித்ததும் ஓலையைத் தீயிலிடுக. விரைக.