வாசல் பக்கத்து பெஞ்சு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டு வேலூர் பக்கம் போய்விட்டது. சித்தூர் ரோடு முழுக்க மாங்காய் டிராக்டர். பால் வாங்கிவர ஒரு யுகம்.

செய்ய வேண்டியது: கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல. மோட்டார் ரிப்பேர் ஆள். மூக்குக் கண்ணாடி மாற்ற. ஞாயிறு பேச்சு.

பேச்சுதான் பெரிய வேலை. ரிடையரான டீச்சர், சபையின் மாதர் சங்கச் செயலாளர் வேறு. போதகர் ஐயா என் தலையில் கட்டிவிட்டார். தலைப்பு: கருவில் இருக்கும் உயிரும் கிறிஸ்தவரும். எழுதி முடித்தாயிற்று. உயிர் ஆண்டவர் கொடுத்தது, எடுக்க நமக்கு உரிமை இல்லை. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "நல்லா கீது" என்றார், பேப்பரிலிருந்து தலை எடுக்காமல். கல்யாணமான நாளிலிருந்து உப்புமாவுக்கும் அதே நல்லா கீது.

ஜூன் 10, செவ்வாய்

குடிபாலாவிலிருந்து எஸ்தர் வந்தாள். எங்கள் சபைதான். புருஷன் இல்லை. ஒரே மகள் ஷாலினி, பாட்டுக் குழுவில் நல்ல குரல். வரதய்யபாளையம் பக்கம் கம்பெனி வேலை, ஹாஸ்டலில் தங்கல். காபி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"டீச்சரம்மா, திருப்பதி பக்கம் தெரிஞ்ச லேடி டாக்டர் யாருனா கீறாங்களா?"

புரிந்துவிட்டது. ஷாலினிக்கு மூன்றாம் மாதம். கூட வேலை செய்தவன். கட்டிக்கொள்கிறேன் என்றவன் இப்போது போனை எடுப்பதில்லை. ஷாலினி பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்கிறாளாம். எஸ்தருக்குத்தான் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அப்படியே அவளிடம் அவிழ்த்துவிட்டேன். உயிர், பாவம், ஆண்டவர் சித்தம். பொறுமையாகக் கேட்டாள்.

"வச்சிக்கோன்னு நீங்கதான் சொல்றீங்க. வச்சிக்கினா எல்லாரு முன்னால நிக்க வைக்கப்போறதும் நீங்கதான். நைனா இல்லாத பொண்ணும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

எங்கள் சபை வழக்கம் அப்படி. கல்யாணமாகாமல் கர்ப்பமானால், திருவிருந்து ஞாயிறன்று பீடத்துக்கு முன் நின்று சபையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பாட்டுக் குழுவிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். பிள்ளை பிறக்கும்வரை திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. வாசல் பக்கத்து பெஞ்சில் இடம், செருப்புகளுக்குப் பக்கத்தில். போன வருடம் ஒரு பெண் நின்றாள். பையன் வீட்டார் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கலைத்துவிட்டு வந்தால்? யாருக்கும் தெரியாது. பாட்டுக் குழுவில் அதே இடம். அப்படியானால் நம் வழக்கம் எந்தப் பக்கம் தள்ளுகிறது? எரிச்சல். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

எஸ்தர் எங்கேயோ விசாரித்த டாக்டரிடம், திருப்பதி பக்கம் திருச்சானூருக்கு, அம்மா மகளோடு நானும்; ஷாலினியைத் தனியே விட மனமில்லை. ஷேர் ஆட்டோவில் கல்யாணக் கும்பல், மல்லிகை வாசனையில் ஷாலினிக்குக் குமட்டல்.

லேடி டாக்டர் தெலுங்குக்காரர், நிதானமானவர். ஷாலினியை மட்டும் முதலில் கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை. "நாக்கு பிட்ட காவாலி." எனக்குப் பிள்ளை வேண்டும். அவ்வளவுதான் சொன்னாள், குரல் உடையவில்லை.

பிறகு எங்களைக் கூப்பிட்டார். பிள்ளை வேண்டாம் என்று ஷாலினி தன் வாயால் சொல்லாமல் தொடமாட்டாராம். வீட்டில் பேசிவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். எஸ்தர் முகம் கல்.

ஓட்டலில் ஷாலினி நன்றாகத் தின்றாள். எஸ்தர் கை கழுவப் போனபோது என்னிடம்: "அம்மா டாக்டர பாத்து பயப்படல ஆண்டி. ஞாயித்துக்கெழமைய பாத்துதான் பயப்படுது. நிக்க வச்சாங்கன்னா அது தாங்காது. அது அழுதா கலைக்க நான் ஒத்துக்குவேன்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன். ஒரு ஊர்கூடக் கண்ணில் படவில்லை.

ஜூன் 14, சனி

கமிட்டி. விஷயம் அதற்குள் கசிந்துவிட்டது. ஹாஸ்டலில் நம் சபைப் பெண் இன்னொருத்தி இருக்கிறாளே.

நிற்க வைக்க வேண்டாம் என்றேன். சபை மூப்பர் சிரித்தார். "ஒழுங்குன்னு ஒண்ணு வாணாமா டீச்சரம்மா? இத வுட்டா நாளிக்கி எல்லாரும் ஆரம்பிப்பாங்க."

"அப்ப உயிரப் பத்தி நாளைக்கு நான் என்னத்த பேசறது?"

"அது வேற, இது வேற."

போதகர் ஐயா சின்ன வயசு, புதுசு. மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளை அவள் நிற்க வேண்டும் என்று முடிவு.

என் வீட்டுக்காரரும் கமிட்டிதான். வாய் திறக்கவில்லை. வழியெல்லாம் சண்டை. ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்றேன். "நீதான் பேசிக்கினே இருந்தியே." ராத்திரிக்கு வெறும் ரசம் வைத்தேன். அதையும் நல்லா கீது என்று சொல்லட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

ஷாலினி வந்தாள். நீலச் சுடிதார். யாரும் சொல்லாமலே நேராக வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எஸ்தர் பக்கத்தில், தலைமேல் முக்காடு.

திருவிருந்துக்கு முன் என் பேச்சு. எழுதியதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. யார் பேரும் சொல்லவில்லை. ஏறக்குறைய இதுதான் சொன்னது: கருவிலிருக்கும் உயிர் ஆண்டவருடையது என்று நம்புகிறேன். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் அதைச் சுமக்கிறவளை இங்கே குற்றவாளியாக நிறுத்துகிறோம். கலைத்துவிட்டு வந்தவளைக் கேட்பதில்லை. இதற்குப் பயந்து எத்தனை பேர் பஸ் ஏறினார்களோ, ஆண்டவருக்குத் தெரியும். இனி ஒரு பெண்ணை நிறுத்தினால் பக்கத்தில் நானும் நிற்பேன்.

இறங்கி நேராக வாசல் பெஞ்சுக்குப் போய்விட்டேன். மூப்பர் எழுந்து போதகர் ஐயாவைப் பார்த்தார். ஐயா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார், புரட்டினார், அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். ஷாலினி பேரைக் கூப்பிடவே இல்லை.

எல்லாரும் திருவிருந்துக்குப் போனார்கள். அவள் போகவில்லை. நானும் போகவில்லை. சிறு வயதில் திடப்படுத்தல் ஆகித் திருவிருந்து எடுக்க ஆரம்பித்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. வலித்தது, பொய் சொல்வானேன். வீட்டுக்காரர் வரிசையில் போய் வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பாமல் எங்கள் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "நகுந்து குந்து" என்றார். அவ்வளவுதான்.

முடிந்ததும் பாதிப் பேர் என்னைப் பார்க்காமல் போனார்கள். எஸ்தரும்தான். மகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

நல்ல மழை. இன்றுதான் டாக்டர் வரச் சொன்ன நாள். காலையிலிருந்து போன் பக்கத்திலேயே. ஜெபம் ஒட்டவில்லை. இட்லி மாவு பொங்கி வழிந்தது.

மத்தியானம் எஸ்தர் போன்.

"டீச்சரம்மா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மாசாமாசம் காட்டறதுக்குப் பேரு எழுதணும்னா எந்தக் கெழம போவணும்?"

புதன் என்றேன்.

"புள்ளைக்கு நைனா பேரு கேப்பாங்களா?"

கேட்பார்கள் என்றேன்.

"நீங்க கூட வருவீங்களா?"

அப்பா பேரைக் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது. புதன் காலை போகிறோம்.