ஜூலையிலும் எரியும் அடுப்பு

ரூபர்ட்,

காலையில மண்ணெண்ணெய் லாரி வந்து நின்னுச்சு. "உங்க வீட்டுக்காரர்தான் ஆயிரம் லிட்டர் சொன்னாரு"ன்னார் டிரைவர். கோடை முடியுற வரைக்கும், வீட்டையே சூடாக்குற இந்த இரும்பு அடுப்பை அணைச்சு வைப்போம்னு மே மாசம் என் கையைப் பிடிச்சுச் சொன்னது யாரு? ஜன்னலையெல்லாம் திறந்து வெச்சுக்கிட்டு, ரெண்டு முட்டை வேகறதுக்காக ராவும் பகலும் எரிக்கிறோம். இந்த லட்சணத்துல இன்னிக்குச் சாயங்காலம் சர்ச் ஹால்ல பூமி சூடாகுறதைப் பத்தி நீ பேசப் போற!

லாரியைத் திருப்பி அனுப்பிட்டேன். அடுப்பையும் அணைச்சிட்டேன். ஃபிரிட்ஜ்ல வெந்த பன்னிக்கறி இருக்கு, சூடு பண்ணாமலே சாப்பிடு. அடுப்பைக் கழட்டுறவர் நாலு மணிக்கு அளவெடுக்க வருவார், கதவைத் திற. நான் லட்லோவுல அக்கா வீட்டுல இருப்பேன்.

மெரியல்

பி.கு.: நாய் இன்னும் அடுப்போட ஒட்டிப் படுத்திருக்கு. அதை நீயே எழுப்பு. எனக்கு மனசு வரல.