நீல டிரம்மில் கீரை

மாதனூர்,
செவ்வாய்க்கிழமை

மாமாவுக்கு,

நம் பாப்பா நலம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

"மருந்தே அடிக்காத கீரை, மாடியில வளக்குறேன். பாப்பாவுக்கு மொத சோறு நம்ம வூட்டுக் கீரையோடதான்" என்றீர்கள். டப்பா மாவு, பிஸ்கட் எதுவும் வேண்டாம் என்று சேர்ந்து முடிவெடுத்தவர்கள்தானே நாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை.

கீரை நிற்பது பாதியாக அறுத்த நீல டிரம்மில். உங்கள் டேனரியில் தோல் ஊறவைக்க மருந்து வருமே, அதே டிரம். போனில் கேட்டதற்கு, "இன்னா பயம்? சோப்பு வந்த டிரம்முதான், நல்லா கழுவிட்டேன்" என்றீர்கள்.

சோப்பு டிரம் என்றால் லேபிளை ஏன் சுரண்டினீர்கள்? சுரண்டிய இடம் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. தெருவில் எல்லோரும் இந்த மாதிரி டிரம்மில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பீர்கள். பிடிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை எங்களை நம் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன் என்கிறாள் அம்மா. பாப்பாவுக்குச் சளி என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று மாமா. கீரை கடையாவிட்டால் உங்களுக்குச் சோறே இறங்காது. ஆனால் படத்தில் கீரை தண்டு முற்றிப் பூத்து நிற்கிறது. ஒரு நுனிகூடக் கிள்ளவில்லை. நீங்கள் வாயில் வைக்காததையா பாப்பாவுக்கு வளர்க்கிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா